ஒரே செல்: கடிகாரத்தில் ஒரு வருஷம், பொம்மையில் ஒரு மணி நேரம். ஏன்?



அஸ்தம்பட்டியில் நடந்த சென்ற மாதக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன் எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு சகோதரி எழுந்து நின்றார். "மேடம், பையன் பொம்மைக் காருக்கு நாலு செல் வாங்கிப் போட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே படுத்துடுச்சு. அதே கடையில, அதே செல் வாங்கிச் சுவர்க் கடிகாரத்துல போட்டது ஒரு வருஷமா ஓடுது. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?" என்று கேட்டார். உடனே ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "விலை அதிகமான செல்தான் நல்லது" என்றார் ஒருவர். "எல்லாம் ஒண்ணுதான், பேருக்குத்தான் காசு" என்றார் இன்னொருவர். "வெயில்ல வெச்சு எடுத்தா மறுபடி ஓடும்" என்றார் மூன்றாமவர்.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. அந்தந்தப் பொருளுக்கு எந்தச் செல் பொருந்தும் என்று தெரியாமல் வாங்குவதால்தான் நமக்குக் காசு வீணாகிறது. பத்து ரூபாய், இருபது ரூபாய் என்பதால் யாரும் இதைக் கணக்கு நோட்டில் எழுதுவதில்லை. ஆனால் வருஷத்துக்கு எத்தனை முறை வாங்குகிறோம் என்று கூட்டிப் பார்த்தால் ஒரு மாதச் சந்தாவைத் தாண்டும். அதனால் இந்த இதழில் செல்லைப் பற்றியே பேசலாம் என்று முடிவு செய்தோம்.

முதலில் வீட்டைச் சுற்றிப் பாருங்கள்

நம் வீட்டில் செல் போடும் பொருட்கள் எத்தனை? சுவர்க் கடிகாரம், டி.வி. ரிமோட், செட்டாப் பாக்ஸ் ரிமோட், டார்ச் லைட், குழந்தைகளின் பொம்மை, கால்குலேட்டர், சில வீடுகளில் பி.பி. பார்க்கும் மெஷின், சர்க்கரை பார்க்கும் மெஷின். கூட்டத்தில் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணச் சொன்னோம். "எங்க வீட்டுல ரெண்டுதான்" என்று சொன்னவர்கூட எண்ணி முடித்தபோது ஒரு கை விரல் போதவில்லை.

செல் எப்படி வேலை செய்கிறது?

1800-ம் ஆண்டு இத்தாலி நாட்டு விஞ்ஞானி வோல்டா, இரண்டு விதமான உலோகத் தகடுகளுக்கு நடுவே உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டையை வைத்து அடுக்கினார். அதிலிருந்து மின்சாரம் வந்தது. உலகத்தின் முதல் பேட்டரி அதுதான். 1866-ல் பிரான்ஸ் நாட்டு லெக்லான்ஷே என்பவர் துத்தநாகம், மாங்கனீசு டை ஆக்சைடு என்ற கறுப்புத் தூள், கார்பன் குச்சி ஆகியவற்றை வைத்து ஒரு செல் செய்தார். அதில் தண்ணீர் போன்ற திரவம் இருந்ததால் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. 1880-களில் ஜெர்மனியின் காஸ்னர் அதைக் கெட்டியான பசையாக மாற்றினார். அப்படித்தான் 'உலர் செல்' வந்தது. நம் தாத்தா காலத்து டார்ச்சிலும் ரேடியோவிலும் போட்ட பெரிய கட்டை இந்த வழியில் வந்ததுதான்.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கென்று ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்தான் அது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் திறந்தார்கள். பேட்டரி ஆராய்ச்சி அங்கே இன்றும் நடக்கிறது.

செல்லுக்குள் என்ன நடக்கிறது? சாதா செல்லின் வெளி டப்பாவே துத்தநாகம்தான். செல் வேலை செய்யச் செய்ய அந்த டப்பா உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கரைந்து ஓட்டை விழுந்தால் உள்ளே இருக்கும் பசை வெளியே கசியும். பழைய ரிமோட்டைத் திறந்தால் வெள்ளையாகப் பூத்து, ஸ்பிரிங் துருப்பிடித்துக் கிடக்கிறதே, அதற்குக் காரணம் இந்தக் கசிவுதான்.

கடையில் கிடைக்கும் செல் வகைகள்

1. சாதா செல்: கார்பன், துத்தநாகம் கொண்டது. பெட்டிக் கடையில் சல்லிசாகக் கிடைப்பது. நிப்போ, எவரெடி என்று நாம் சிறு வயதிலிருந்து பார்த்த செல்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

2. ஆல்கலைன் செல்: பார்க்க அதே அளவுதான், கையில் எடுத்தால் கொஞ்சம் கனமாக இருக்கும். 1950-களில் லூயிஸ் அர்ரி என்பவர் அமெரிக்காவில் இதை நல்ல முறையில் உருவாக்கினார். விலை மூன்று நான்கு மடங்கு. அட்டையில் 'ஆல்கலைன்' என்று எழுதியிருக்கும். டியூராசெல் மாதிரி பல கம்பெனிகள் விற்கின்றன. சாதா செல் கம்பெனிகளும் ஆல்கலைன் போடுகின்றன. அதனால் கம்பெனி பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், 'ஆல்கலைன்' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

3. ரீசார்ஜ் செல்: நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. இதற்கென்று உள்ள சார்ஜரில் போட்டு நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

4. பட்டன் செல்: காசு மாதிரி வட்டமாக இருக்கும். சர்க்கரை மெஷின், சின்ன ரிமோட், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை ஆகியவற்றில் இருக்கும்.

5. உள்ளேயே பொருத்திய பேட்டரி: சார்ஜ் டார்ச், கொசு பேட், செல்போன் இவற்றில் இருப்பது. இப்போது பலவற்றில் லித்தியம் வகை. இந்த லித்தியம் அயான் பேட்டரியை உருவாக்கியதற்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

குடமும் குழாயும்: ஒரு சின்னக் கணக்கு

செல்லை ஒரு தண்ணீர்க் குடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். குடம் எவ்வளவு பெரியது என்பதை 'மில்லி ஆம்பியர் மணி' என்று அளக்கிறார்கள். நாம் பென்சில் செல் என்று சொல்லும் ஏஏ அளவில், சாதா செல்லின் குடம் சுமார் 500 முதல் 1,000 வரை. ஆல்கலைன் செல்லுக்கு சுமார் 2,000 முதல் 2,800 வரை. நல்ல ரீசார்ஜ் செல்லுக்கு ஒரு முறை சார்ஜ் செய்தால் சுமார் 2,000.

இப்போது குழாயைப் பார்ப்போம். எந்தப் பொருள் எவ்வளவு வேகமாகத் தண்ணீரை இழுக்கிறது?

சுவர்க் கடிகாரம் சொட்டு சொட்டாகக் குடிக்கும். முள் டிக் டிக்கென்று நகரும் சாதாரணக் கடிகாரத்துக்குச் சுமார் 0.1 மில்லி ஆம்பியர் போதும். ஒரு நாளுக்கு 2.4, ஒரு வருஷத்துக்குச் சுமார் 876. ஆகவே 800 அளவுள்ள சாதா செல்லே ஏறக்குறைய பதினொரு மாதம் ஓடிவிடும். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டே போகும் முள் உள்ள கடிகாரம் இதைவிட அதிகம் குடிக்கும்.

ரிமோட் பட்டனை அழுத்தும்போது மட்டும்தான் குடிக்கும். மற்ற நேரம் தூங்கும்.

மோட்டார் உள்ள பொம்மை குழாயை முழுசாகத் திறந்துவிடும். சுமார் 300 மில்லி ஆம்பியர், பெரிய பொம்மை என்றால் இன்னும் அதிகம். கடிகாரத்தைப் போல மூவாயிரம் மடங்கு!

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. சாதா செல்லிடம் மெதுவாகக் கேட்டால் இருப்பதையெல்லாம் கொடுக்கும். அவசரமாகக் கேட்டால் பாதியைக்கூடக் கொடுக்காது, களைத்துவிடும். 300 மில்லி ஆம்பியர் இழுக்கும் பொம்மையில் சாதா பென்சில் செல் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான் தேறும். அதே பொம்மையில் ஆல்கலைன் சுமார் அஞ்சு மணி நேரம் வரும். நன்றாகச் சார்ஜ் ஏறிய ரீசார்ஜ் செல் அஞ்சு ஆறு மணி நேரம் வரும்.

கேள்வி கேட்ட சகோதரிக்குப் பதில் இதுதான். செல் மேல் தப்பில்லை, கடைக்காரர் மேலும் தப்பில்லை. கடிகாரத்துக்கு ஏற்ற செல்லைப் பொம்மைக்குப் போட்டுவிட்டோம், அவ்வளவுதான்.

காசுக் கணக்கு

ஒரு கணக்குக்காகச் சாதா செல் 12 ரூபாய், ஆல்கலைன் 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கடை விலையைப் போட்டு நீங்களே மறுபடி கணக்கிடுங்கள்.

கடிகாரம்: சாதா செல் 12 ரூபாய்க்குப் பதினொரு மாதம். ஆல்கலைன் 40 ரூபாய்க்கு இரண்டரை வருஷம். அதே இரண்டரை வருஷத்துக்குச் சாதா செல் மூன்று வாங்கினாலும் 36 ரூபாய்தான். ஆகவே கடிகாரத்துக்குச் சாதா செல்லே போதும்.

பொம்மை: ஆல்கலைன் ஒரு செல் அஞ்சு மணி நேரம், 40 ரூபாய். அதே அஞ்சு மணி நேரத்துக்குச் சாதா செல் நாலு வேண்டும், 48 ரூபாய். இங்கே விலை அதிகமான செல்தான் சல்லிசு.

தினமும் ஓடும் பொருள்: இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நாலு சாதா செல் மாற்றுகிறீர்கள் என்றால் வருஷத்துக்கு 104 செல், 1,248 ரூபாய். நாலு ரீசார்ஜ் செல்லும் சார்ஜரும் சேர்த்து 1,000 ரூபாய் என்று வைத்தால்கூட முதல் வருஷத்திலேயே போட்ட காசு திரும்பிவிடும். அதற்கப்புறம் கரண்டுக்குச் சில காசுகள்தான். தனித்தனியாகச் சார்ஜர் வாங்க முடியாதவர்கள் நாலைந்து வீடு சேர்ந்து ஒன்று வாங்கலாம். இதைக் குழுவில் பேசிப் பாருங்கள்.

ஆனால் ரீசார்ஜ் செல்லைக் கடிகாரத்துக்குப் போட்டுக் காசை முடக்காதீர்கள். சும்மா வைத்திருந்தாலே அது தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், நம்ம சேலத்து வெயிலில் இன்னும் வேகமாக இறங்கும். இன்னொன்று, சாதா செல் 1.5 வோல்ட், ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்தான். சில பொருட்கள் இதைப் பார்த்து 'பேட்டரி குறைவு' என்று முன்னாடியே காட்டும்.

உயிரோடு சம்பந்தப்பட்ட இடங்கள்

பொம்மை நின்றால் குழந்தை அழும், அதோடு முடிந்தது. சில பொருட்கள் அப்படியல்ல.

டார்ச்: விடியற்காலையில் பூப்பறிக்கப் போகிறவர்கள், ராத்திரியில் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! வரப்பில் பாம்பு கிடப்பது தெரிய வேண்டுமானால் வெளிச்சம் வேண்டும். மங்கலாக எரியும் டார்ச்சை "இன்னைக்கு ஒரு நாள் ஓடட்டும்" என்று எடுத்துப் போகாதீர்கள். பழைய குண்டு பல்பு டார்ச்சைவிட எல்.இ.டி. டார்ச் குறைவாகக் குடிக்கும், அதே செல்லில் பல மடங்கு நேரம் எரியும். சார்ஜ் டார்ச் வைத்திருப்பவர்களும் செல் போடும் டார்ச் ஒன்றைத் தயாராக வையுங்கள். 2008 முதல் சில வருஷங்கள் நாம் பட்ட மின்வெட்டு மறந்திருக்காது. சார்ஜ் ஏற்றக் கரண்டே இல்லாமல் எமர்ஜென்சி லைட் எத்தனை வீட்டில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது!

பி.பி. மெஷின்: 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. வீடு வீடாகப் போய் பி.பி., சர்க்கரை பார்க்கும் தன்னார்வலர்களாக நம் குழுப் பெண்கள்தான் சேர்ந்தார்கள். அவர்கள் கையில் இருப்பதும் செல்லில் ஓடும் மெஷின்தான். கையில் கட்டும் பட்டைக்குள் காற்றடிக்க ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. பொம்மை மாதிரியே அதுவும் அவசரமாக இழுக்கும். அதனால் பி.பி. மெஷினுக்கு ஆல்கலைன் போடுங்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். மாமியாருக்கு ராத்திரி தலை சுற்றியது. மருமகள் மெஷினைக் கட்டினார். காற்று பாதி ஏறி நின்றுவிட்டது, 'எர்ரர்' என்று வந்தது. மறுபடி கட்டினார், மறுபடியும் அதுவே. "ஐயோ, மெஷினே அளக்க முடியாத அளவுக்கு ஏறிப் போச்சு" என்று வீடே அலறி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே பி.பி. கொஞ்சம்தான் கூட இருந்தது. மறுநாள் நாங்கள் மெஷினைத் திறந்து பார்த்தோம். இரண்டு புதுச் செல், இரண்டு ரிமோட்டில் இருந்து எடுத்த பழைய செல்! ஆஸ்பத்திரிக்குப் போனது தப்பில்லை, தலை சுற்றினால் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த வீடு பட்ட பயத்துக்கு இரண்டு பழைய செல்தான் காரணம்.

பழசும் புதுசும் ஏன் சேரக்கூடாது? நாலு பேர் பல்லக்குத் தூக்கும்போது ஒருவர் களைத்து உட்கார்ந்தால் மற்ற மூவருக்கும் அவரையும் சேர்த்து இழுக்க வேண்டிய சுமை. செல்லும் அப்படித்தான். பலவீனமான செல் சீக்கிரம் முழுக்க வற்றி, கசிந்து, மெஷினையே கெடுக்கும். மாற்றினால் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள், ஒரே வகை, ஒரே கம்பெனி. திரையில் பேட்டரி அடையாளம் மின்னினால் அந்த அளவை நம்பி எழுதாதீர்கள். செல் மாற்றி, அஞ்சு நிமிஷம் உட்காரவைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

பட்டன் செல்: கைக்குழந்தை உள்ள வீட்டில் இதைவிட ஆபத்தான சின்னப் பொருள் குறைவு. குழந்தை விழுங்கி, அது உணவுக் குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோன செல்லும் இதைச் செய்யும். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காதீர்கள். காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பட்டன் செல் மூடி திருகாணியால் மூடியிருக்கும் பொம்மையாகப் பார்த்து வாங்குங்கள்.

"வெயிலில் வைத்தால் ஓடும்" – உண்மையா?

கொஞ்ச நேரம் ஓடும், உண்மைதான். சூட்டில் உள்ளே நடக்கும் வேதிவினை வேகமாகிறது, ஓய்வு கிடைத்ததில் செல்லும் கொஞ்சம் தேறுகிறது. ஆனால் தீர்ந்த துத்தநாகம் திரும்ப வராது. டப்பா ஏற்கெனவே மெலிந்து இருப்பதால் கசிவுதான் சீக்கிரம் வரும். அதற்குப் பதிலாக ஒரு நல்ல சிக்கனம் சொல்கிறோம். பொம்மையிலும் டார்ச்சிலும் களைத்த செல்லில் இன்னும் பாதி பலம் இருக்கும். கசியாமல் சுத்தமாக இருந்தால் அதைக் கடிகாரத்துக்கோ ரிமோட்டுக்கோ போடுங்கள், சொட்டு சொட்டாகக் குடிக்கும் பொருளுக்கு அது சில மாதம் போதும். ஜோடி மாறாமல் போடுங்கள், மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள்.

மறக்கக்கூடாத சில விஷயங்கள்

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் காலாவதித் தேதியும் பாருங்கள். சாதா செல் வைத்திருந்தாலே இரண்டு மூன்று வருஷத்தில் பலம் குறையும்.

சாதா செல்லையும் ஆல்கலைனையும் சார்ஜரில் போடாதீர்கள். வெடிக்கலாம்.

மாதக்கணக்கில் பயன்படுத்தாத பொருளில் செல்லை எடுத்து வையுங்கள்.

கசிந்த செல்லை வெறும் கையால் தொடாதீர்கள். துணியால் எடுத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவி டாக்டரிடம் காட்டுங்கள்.

எந்தச் செல்லையும் அடுப்பிலோ குப்பை நெருப்பிலோ போடாதீர்கள். சிறு வயதில் செல்லை உடைத்துக் கரி எடுத்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். நம் பிள்ளைகள் அதைச் செய்ய வேண்டாம்.

தீர்ந்த செல்லை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேருங்கள். 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே பழைய பேட்டரியை வீட்டு அபாயக் கழிவு என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், சின்னச் செல் உட்பட எல்லா வகையையும் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிக்கும் கம்பெனிகள் மேல் வைத்தன. நம் பங்கு, மட்கும் குப்பையோடு கலக்காமல் தூய்மைப் பணியாளரிடம் தனியாகச் சொல்லிக் கொடுப்பது. குப்பையைக் கையால் பிரிக்கும் அந்தப் பணியாளரும் நம்மைப் போல ஒரு பெண்தானே.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு வேலை

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். புதுச் செல் போடும்போது அதன் மேல் ஒரு துண்டுக் காகிதத்தில் தேதியும் விலையும் எழுதி ஒட்டுங்கள். நின்ற அன்று நோட்டில் குறியுங்கள்: எந்தப் பொருள், எந்த வகைச் செல், எத்தனை நாள், எத்தனை ரூபாய். கடிகாரமும் ரிமோட்டும் பதில் சொல்ல மாதங்கள் ஆகும், டார்ச்சும் பொம்மையும் சீக்கிரம் சொல்லிவிடும். பத்து வீட்டுக் கணக்கை ஒன்றாக வைத்துப் பார்த்தால் எந்த விளம்பரமும் சொல்லாத உண்மை நம் கைக்கு வரும். ஊக்குநர்கள் இதைத் தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் சகோதரி கூட்டம் முடிந்து கிளம்பும்போது சொன்னதையே நாங்களும் சொல்லி முடிக்கிறோம்: "அப்போ கடிகாரத்துக்குச் சாதா, காருக்கு ஆல்கலைன். கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகலாம்னு இருந்தேன், நல்லவேளை கேட்டேன்."

கேளுங்கள் சகோதரிகளே. பத்து ரூபாய் விஷயமானாலும் கேளுங்கள்.